நாம் பார்க்காத மட்டாஞ்சேரி



போன மார்கழியில் என் தம்பி மகன் கொச்சிக்கு வந்திருந்தான். இருபத்தைந்து வயது, பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. "பெரியப்பா, நாலு நாள் லீவு போட்டிருக்கேன், அங்க வர்றேன்" என்று போனில் சொன்னதுமே என் மனைவி மாடி அறையைக் கழுவி, புதுத் தலையணை உறை மாட்டி, இட்லிக்கு ஊறப் போட்டு விட்டாள். பையன் எர்ணாகுளம் ஜங்ஷனில் இறங்கி நேரே வீட்டுக்கு வந்தான். முதுகில் ஒரு மூட்டை. தண்டவாளப் பிரிவில் என்னிடம் வேலை பார்த்த கேங்மேன் கூட அவ்வளவு சுமந்ததில்லை. நாலு இட்லி சாப்பிட்டான். "பெரியம்மா, சட்னி பிரமாதம். நான் கிளம்பறேன். ஃபோர்ட் கொச்சியில கட்டில் புக் பண்ணியிருக்கேன்" என்றான்.

கட்டில்! அறை கூட இல்லை. ஓர் அறையில் எட்டுக் கட்டில், ஒரு கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகையாம். பக்கத்துக் கட்டிலில் பிரெஞ்சுக்காரன் படுத்திருப்பான், எதிர்க் கட்டிலில் நாக்பூர்க்காரன் படுத்திருப்பான். இப்படி ஊர் சுற்றுகிறவர்களுக்கு பேக்பேக்கர் என்று பெயர் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். சொந்தப் பெரியப்பா வீடு பத்து கிலோமீட்டரில் இருக்க, காசு கொடுத்துச் சத்திரத்தில் தங்குகிறானே என்று என் மனைவி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த நாலு நாள் முடிந்தபோது வருத்தம் வேறு திசைக்குத் திரும்பிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் வீடுகளுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மட்டாஞ்சேரியை நாம் எப்படிக் காட்டுகிறோம்? காலை ஒன்பது மணிக்குக் கார். டச்சு அரண்மனை இருபது நிமிடம். யூதர் கோயில் பதினைந்து நிமிடம். யூதத் தெருவில் ஏலக்காயும் மிளகும் வாங்க அரை மணி. அங்கிருந்து ஃபோர்ட் கொச்சி. வாஸ்கோட காமாவைப் புதைத்த புனித பிரான்சிஸ் தேவாலயம். சீன வலைக்கு முன்னால் ஒரு போட்டோ. ஒரு மணிக்குள் வீடு திரும்பிச் சாம்பார் சாதம். டைம் டேபிள் பிசகாமல் இந்த மாதிரி நான் மட்டும் நாற்பது கோஷ்டிகளை நடத்தியிருப்பேன். "டச்சு அரண்மனையை 1555 வாக்கில் கட்டியது போர்ச்சுக்கீசியர், கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள், 1663-க்குப் பிறகு டச்சுக்காரர் பழுது பார்த்ததால் இந்தப் பெயர்" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். யூதர் கோயில் 1568, மணிக்கூண்டு 1760, தரையில் சீனத்து ஓடு. கேட்பவர்களும் தலையாட்டிவிட்டு ஏலக்காய் என்ன விலை என்பார்கள்.

அதைவிட வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. 1991 முதல் 1998 வரை நான் கொச்சி துறைமுக முனையத்தில், அதாவது கொச்சின் ஹார்பர் டெர்மினஸ் பகுதியில், வேலை பார்த்தேன். நம்மில் மூத்தவர்களுக்கு அந்த நிலையம் நன்றாக நினைவிருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கம் போகும் டீ கார்டன் எக்ஸ்பிரஸ் அங்கிருந்துதான் புறப்படும். அந்தத் தீவே மனிதன் போட்டது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1920-இல் வந்து, காயலைத் தோண்டிக் கப்பல் வழி ஆக்கி, தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியது வில்லிங்டன் தீவு. 1943-இல் அங்கே ரயில் நிலையம் வந்தது. 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில் பயணிகள் வண்டிகள் ஒவ்வொன்றாக நின்று போனது வேறு கதை. நான் சொல்ல வந்தது, அந்த நிலையத்துப் படகுத் துறையில் நின்றால் எதிர்க்கரையில் மட்டாஞ்சேரி தெரியும். பத்து நிமிடப் படகு. ஏழு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்திருக்கிறேன். விருந்தாளி இல்லாமல், வேலை இல்லாமல், சும்மா ஒரு நாள் அந்தக் கரையில் இறங்கி நடந்ததில்லை.

தம்பி மகன் முதல் நாள் முழுக்கச் சீன வலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தானாம். ராத்திரி போனில் கேட்டபோது, "ஒண்ணும் பண்ணல பெரியப்பா, சும்மா உக்காந்திருந்தேன்" என்றான். இதற்கா லீவு போட்டு வந்தான் என்று நினைத்தேன். அடுத்து அவன் கேட்டான்: "அந்த வலைக்குப் பின்னாடி கல்லு கட்டித் தொங்க விட்டிருக்காங்களே, ஒவ்வொண்ணும் ஏன் வேற வேற நீளக் கயித்துல இருக்கு? நீங்க இன்ஜினியர் ஆச்சே."

எனக்குத் தெரியவில்லை. முப்பத்தேழு வருஷம் ரயில்வேயில் பாலமும் தண்டவாளமுமாகக் கழித்தவன். நாற்பது தடவை அந்த வலை முன்னால் நின்று போட்டோ எடுத்தவன். கல்லைப் பார்த்திருக்கிறேன், கயிற்றைப் பார்த்ததில்லை. பிறகு அவனோடு போய் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. வலை மேலே எழும்ப எழும்ப, பின்னாலுள்ள கற்கள் ஒவ்வொன்றாக மேடையில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. உட்கார்ந்த கல்லின் பளு கழிந்துவிடுகிறது. இறங்கும்போது ஒவ்வொன்றாக எழுந்து மறுபடி பளுவைக் கூட்டுகின்றன. சட்டம் எந்தச் சாய்வில் இருந்தாலும் தராசு ஏறத்தாழச் சமமாகவே நிற்கிறது. அவ்வளவு பெரிய பொறியை ஐந்தாறு பேர் இழுத்து இறக்குவதன் ரகசியம் அதுதான். இதைக் கண்டுபிடித்தவன் எந்தப் பாலிடெக்னிக்கில் படித்தானோ! இப்போது தேக்கு மரத்துக்குக் கட்டுப்படியாகாமல் சில வலைகளில் இரும்புக் குழாய் வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு நன்றாக இல்லை. ஆனால் விலையைக் கேட்டால் அவர்களைக் குறை சொல்ல மனம் வராது.

இரண்டாம் நாள் அரண்மனையில் ராமாயணச் சுவரோவியங்களுக்கு முன்னால் காலை முழுவதும் இருந்திருக்கிறான். பிறகு யூதத் தெரு. ஒரு காலத்தில் யூதக் குடும்பங்கள் நிறைந்திருந்த தெரு. பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கையால் பூவேலை செய்த துணிகள் விற்ற சாரா கோஹன் அம்மையாரும் 2019-இல் 96 வயதில் காலமானார். அந்தக் கோயிலின் உடைமையாக ஒரு செப்பேடு உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் கொடுத்து எழுதியது. "அது என்ன எழுத்து தெரியுமா பெரியப்பா? வட்டெழுத்து" என்றான். தெரியும் என்று சொல்லி வைத்தேன். பாண்டிய நாட்டுக் கோயில்களில் காணப்படும் அதே வட்டெழுத்து. நாற்பது கோஷ்டிகளுக்கும் சீனத்து ஓட்டைத்தான் காட்டியிருக்கிறேன். செப்பேட்டைப் பற்றி ஒருவரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது. "பெரியப்பா, இங்க நம்ம ஊர்க்காரங்க இருக்காங்க. உங்களுக்குத் தெரியுமா? உடனே வாங்க."

அன்று காலை கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். கட்டியிருந்த வேட்டியோடு அப்படியே படகேறினேன். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்று ஓரிடம். அங்கே ஒரு பெரிய சலவைத்துறை. தோபி கானா என்று பெயர்ப்பலகை. வரிசையாகச் சிமென்ட் தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி, ஒரு துவைகல். வெளியே மைதானத்தில் மூங்கில் முட்டுக் கொடுத்த கயிறுகளில் வெள்ளை வெளேர் என்று வேட்டியும் படுக்கை விரிப்பும். கிளிப் ஒன்றுகூட இல்லை. இரண்டு புரிக் கயிற்றை முறுக்கிக் கட்டி, புரிகளுக்கு நடுவே துணியின் முனையைச் செருகி விடுகிறார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் விடாது. உள்ளே ஒரு நீளக் கூடத்தில் கரிப் பெட்டியால் இஸ்திரி போடுகிறார்கள். கஞ்சி வாசனையும் கரி வாசனையும் கலந்து வருகிறது. என் சிறுவயதுத் திருநெல்வேலிப் பக்கத்துத் தெரு நினைவுக்கு வந்துவிட்டது.

வேலை செய்கிறவர்கள் தமிழர்கள். வண்ணார் சமூகத்தார். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து இவர்களுடைய முன்னோரைக் கொண்டு வந்தார்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அதற்குப் பிறகு ஆங்கிலேயருக்கு வெளுத்தார்கள். ஊர்க் குளங்களில் வெளுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 1976 வாக்கில் கொச்சி வளர்ச்சி ஆணையமான ஜி.சி.டி.ஏ. இந்தத் துறையைக் கட்டிக் கொடுத்தது. வண்ணார் சங்கம் என்று சொந்தச் சங்கம் வைத்து நிர்வாகம் செய்கிறார்கள். நாமெல்லாம் பாங்கிலும் ரயில்வேயிலும் மாற்றலாகி வந்து முப்பது நாற்பது வருஷம் ஆனதற்கே கொச்சித் தமிழர் என்று சொல்லிக் கொள்கிறோம். இவர்கள் வந்து ஏழெட்டுத் தலைமுறை ஆகியிருக்கும்.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு எங்களிடம் வந்தார். என் தம்பி மகன் முந்தின நாளே அவரோடு பழகிவிட்டிருந்தான். "தாத்தா, இதுதான் நான் சொன்ன பெரியப்பா" என்றான். பெரியவர் என்னை "சார்" என்றார். தமிழ்தான்; ஆனால் வாக்கியத்தின் வாலில் மலையாளம் ஆடியது. கொஞ்ச நேரம் பேசியபின், "சார், தப்பா நினைக்கப்படாது. அந்த வேட்டி முனையைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டார். காட்டினேன். மூலையில் இரண்டு புள்ளி, ஒரு கோடு. சலவைக்குப் போட்ட எல்லா வேட்டியிலும் இருப்பதுதானே, வண்ணான் குறி. "இது நம்ம குறிதான். கடைக்காரர் இங்கதான் கொண்டு வருவார். சாரோட வேட்டி இருபது வருஷமா இங்க வந்து போகுது" என்றார்.

அவர் அதைச் சிரித்துக்கொண்டு, சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பொங்கல் விழாவுக்கு, ஆண்டு விழாவுக்கு, பேரன் காது குத்துக்கு என்று கஞ்சி போட்ட வேட்டியில் விறைப்பாக நின்றிருக்கிறேன். தமிழ் வாழ்க என்று மேடையில் பேசியது கூட இந்தக் கை வெளுத்த வேட்டியில்தான். கடைக்காரர் மலையாளி, துணி எங்கே போகிறது என்று நான் கேட்டதே இல்லை. இன்னொன்றும் ஒளிக்காமல் எழுதுகிறேன். எங்கள் ஊரில் என் பாட்டி காலத்தில் வண்ணாரை வாசலோடு நிறுத்திப் பேசுவார்கள். பாட்டி வயதில் பாதி உள்ளவர்கள் கூட எழுபது வயது மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் அதையெல்லாம் விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்காமல் இருந்ததும் அதில் சேர்ந்ததுதானோ என்று அன்று தோன்றியது. விடைபெறும்போது "வரேன் அண்ணாச்சி" என்றேன். அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வாங்க" என்றார். சார் என்ற சொல் அப்போது வரவில்லை.

பேக்பேக்கர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்களால் ஃபோர்ட் கொச்சியில் வீட்டுக்கு வீடு விடுதியாகி, வாடகை ஏறி, பழைய குடிகள் விற்றுவிட்டுப் போவதும் நடக்கிறது. சிலர் குளிப்பதும் குறைவு. 2012 டிசம்பர் 12-இல் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பினாலே கலைக் கண்காட்சி நடக்கிற மாதங்களில் கூட்டம் இன்னும் அதிகம். அந்த நவீனச் சிற்பங்களில் பாதி எனக்குப் புரிந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பி மகனும் நாலாம் நாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு அடுத்த மாதம் வேறு ஊர். ஆனால் அவனிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. பார்க்க வேண்டியவை என்று பட்டியல் கொண்டு வரவில்லை. நேரம் மட்டும் கொண்டு வந்தான். நடந்தான், உட்கார்ந்தான், கேட்டான். பதினைந்துக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் ஊர் என்று மட்டாஞ்சேரியைச் சொல்வார்கள். கொங்கணி, குஜராத்தி, கச்சி, மராத்தி என்று தெருவுக்குத் தெரு காது மாறும். அதில் தமிழ் எங்கே கேட்கிறது என்று காதை வைத்துத் தேடியிருக்கிறான். நாம் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள். நமக்கு எப்படிக் கேட்கும்?

போன மாதச் செயற்குழுவில் இதைச் சொன்னேன். கூடியிருந்த பதினொரு பேரில் ஒருவர்கூட அந்தச் சலவைத்துறைக்குள் கால் வைத்ததில்லை. ஒரு நண்பர், "அவங்களுக்குத்தான் தனிச் சங்கம் இருக்கே, நம்ம சங்கத்துக்கு எதுக்கு வரணும்?" என்றார். இன்னொருவர், "அவங்க தமிழே பாதி மலையாளம் ஆயிடுச்சே" என்றார். தனிச் சங்கம் இருப்பது உண்மை. நாம் ஒரு தடவையாவது அழைத்து அவர்கள் வர மறுத்திருந்தால் அந்தப் பேச்சு பொருந்தும். நமது உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எர்ணாகுளம், கடவந்திரா, திருப்பூணித்துறை, காக்கநாடு எல்லாம் இருக்கிறது. காயலுக்கு அந்தப் பக்கம் ஒரு முகவரிகூட இல்லை. மொழியைப் பற்றிச் சொன்ன நண்பருக்கு என் பதில்: எந்தப் பள்ளிக்கூடத்திலும் தமிழ் கிடைக்காமல் ஏழெட்டுத் தலைமுறை பேசி வைத்திருக்கிறார்கள். என் பேத்தி மூன்றாம் தலைமுறை, "தாத்தா, வாட் இஸ் ஊறுகாய்?" என்று கேட்கிறாள்.

நாம் ஆண்டுதோறும் பட்டிமன்றம் வைக்கிறோம். தமிழின் பெருமை பேசச் சென்னையிலிருந்து பேச்சாளரை ரயில் கட்டணம் கொடுத்து அழைக்கிறோம். இந்தக் கொச்சியிலேயே 1579-இல் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சானது எத்தனை பேருக்குத் தெரியும்? அண்டிரிக் அடிகளார் என்று நாம் சொல்லும் போர்ச்சுக்கீசியப் பாதிரியார் ஹென்ரிக்கஸ், 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். அடுத்த ஆண்டே கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சேறியது. ஈய எழுத்தில் தமிழ் ஏறிய தொடக்க நாட்கள் அவை. நம் வீட்டிலிருந்து ஒரு படகுச் சீட்டுத் தூரத்தில் நடந்த காரியம். 2029-இல் அதற்கு 450 ஆண்டு நிறைகிறது. விழா எடுக்க நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் அந்த விழாவுக்கு ஃபோர்ட் கொச்சித் தமிழர்கள் முன் வரிசையில் உட்கார வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. மேடைத் திரையை வெளுத்துக் கொடுத்துவிட்டு அவர்கள் பின்வாசலோடு போவதாக இருந்தால் எனக்கு அந்த விழாவில் வேலை இல்லை.

அந்தத் துறையிலும் ஆள் குறைந்து வருகிறது. பெரியவரின் பிள்ளைகள் இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். போகட்டும், நல்லதுதான், துவைகல்லில் முதுகு ஒடிய வேண்டும் என்று யாருக்கும் நாம் விதி எழுத முடியாது. என் பையன் ரயில்வேக்கு வந்தானா என்ன? கல் காலியாவதற்கு முன்னால் அந்தக் குடும்பங்கள் எந்த ஊரிலிருந்து வந்தன, யார் யாருக்கு வெளுத்தார்கள், என்ன சொற்கள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். நம் சங்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் குறைந்தது முப்பது பேர் இருக்கிறோம். காலையில் பேப்பர் படித்து முடித்தால் பதினொன்றுக்கு மேல் என்ன செய்கிறோம் என்று அவரவர் மனைவியைக் கேட்டால் தெரியும்.

செயற்குழு "பரிசீலிக்கலாம்" என்று முடித்தது. ரயில்வேயில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். ஆகையால் என் சொந்தப் பொறுப்பில் ஒரு ஏற்பாடு. வருகிற மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு எர்ணாகுளம் படகுத் துறையில் நிற்பேன். வாட்டர் மெட்ரோவில் குளுகுளு என்று போக விரும்புகிறவர்கள் போகலாம். நான் பழைய போட்டில்தான் போவேன். சனிக்கிழமை யூதர் கோயில் மூடியிருக்கும். பரவாயில்லை, அதைத்தான் எல்லோரும் பார்த்தாயிற்றே. பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு அங்கேயே. கையில் இருபத்தைந்து உறுப்பினர் படிவங்கள் வைத்திருப்பேன். பெரியவரிடம் போனில் சொல்லிவிட்டேன். "எத்தனை பேர் வருவாங்க?" என்று கேட்டார். தெரியவில்லை, நானும் என் மனைவியும் நிச்சயம் என்று சொல்லியிருக்கிறேன்.